ஏர்பேக் எப்போது திறக்கும், எப்போது திறக்காது?

(நம் அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் வாகனப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)





ஒரு தவறை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் நாங்கள் பேச்சைத் தொடங்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வாரம் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வரும் அந்த வெள்ளைக் காரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். முன்னால் இரண்டு ஏர்பேக் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஸ்டியரிங் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருந்ததைப் பார்த்து நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

போன மாதம் ஹாரன் சரியாக அடிக்கவில்லை. அதைப் பார்க்க மெக்கானிக் ஸ்டியரிங் மூடியைக் கழற்றினார். உள்ளே ஏர்பேக் இல்லை, வெறும் மூடிதான். ஏர்பேக்குக்கு வரவேண்டிய மஞ்சள் சாக்கெட்டில், நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு ரெசிஸ்டரைச் செருகி டேப் சுற்றியிருந்தார்கள். இடது பக்கம் டாஷ்போர்டைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அதே கதை. எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அந்த வண்டி எங்கோ மோதி, ஏர்பேக் இரண்டும் வெடித்திருக்கிறது. புதிது மாற்றும் செலவுக்குப் பயந்து யாரோ இந்த வேலையைச் செய்து விற்றிருக்கிறார்கள். பதினான்கு மாதம் உங்கள் வீட்டுப் பெரியவர்களை அந்த வண்டியில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாங்கும்போது சோதிக்காமல் விட்டது எங்கள் குறைதான்.

அன்று ராத்திரி எங்களுக்குள் ஒரே கேள்வி. சாவி போட்டால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் ஒழுங்காக அணைந்துகொண்டுதானே இருந்தது? ஏர்பேக்கே இல்லாதபோது வண்டிக்கு அது எப்படித் தெரியாமல் போனது? இதற்குப் பதில் தேடிப் போனதில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறோம்.

ஏர்பேக்கைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஒரு சிறிய பெட்டி. பெரும்பாலான கார்களில் கியர் கம்பிக்குப் பக்கத்தில், இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே, தரைத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். வண்டியின் உடம்பு அதிர்ந்தால் அதே அதிர்வு பெட்டிக்கும் அப்படியே போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இறுக்கம். இதைத் தவிர, பல வண்டிகளில் முன் பம்பருக்குப் பின்னாலும் பக்கவாட்டுக் கதவுப் பகுதியிலும் தனியாகச் சென்சார்கள் இருந்து பெட்டிக்குச் செய்தி அனுப்பும்.

எதன்மேல் மோதினோம் என்று அந்தப் பெட்டிக்குக் கண் இல்லை. அது உணர்வது ஒன்றைத்தான்: வண்டியின் வேகம் எவ்வளவு திடீரென்று குறைகிறது. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருக்கிறோம், டிரைவர் சட்டென்று பிரேக் அடிக்கிறார். எல்லாரும் முன்னால் சாய்கிறோம். எவ்வளவு சாய்ந்தோம் என்று அளந்தால் பிரேக் எவ்வளவு பலமாக விழுந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? பெட்டிக்குள் இருக்கும் சிப்பிலும் அதுதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக, சிலிக்கானில் செதுக்கிய ஓர் எடைத் துண்டு, சிலிக்கான் ஸ்பிரிங்கிலேயே தொங்குகிறது. அதன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி விரல்கள். எதிரே அசையாத இன்னொரு சீப்பு. வண்டி குலுங்கினால் எடை நகர்கிறது, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது, அந்த மாற்றத்தை மின்சாரமாக அளந்துவிடுகிறார்கள். இந்தச் சிப் வருவதற்கு முன்னால், அமெரிக்காவில் ஆலன் பிரீட் என்பவர் 1960களின் கடைசியில் செய்த சென்சாரில் ஒரு குழாய்க்குள் இரும்புக் குண்டு, அதைப் பிடித்து வைக்க ஒரு காந்தம், அவ்வளவுதான் இருந்தது. மோதினால் குண்டு காந்தத்திலிருந்து விடுபட்டு ஓடி மறுமுனையில் கம்பியைத் தொடும்.

சரி, பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி குலுங்கத்தானே செய்கிறது? ஸ்பீடு பிரேக்கரில் ஏறி விழுந்தால்? கதவை ஓங்கிச் சாத்தினால்? அதற்கெல்லாம் ஏர்பேக் வெடித்தால் நம் ஊர்ச் சாலையில் ஒரு நாள்கூட வண்டி ஓட்ட முடியாது. பெட்டியின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பள்ளத்தில் விழும் குலுக்கல் பெரிதாக இருந்தாலும் வந்த வேகத்தில் போய்விடும். அதனால் வண்டியின் ஓட்டம் குறைவதில்லை. சுவரில் மோதும்போது அப்படி இல்லை. வேகக் குறைவு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பெட்டி ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும், அதாவது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கும், குறைந்த வேகத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறது. கூட்டுத்தொகை ஒரு கோட்டைத் தாண்டினால்தான் இது விபத்து என்று எடுத்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்தி பிரேக் அடித்தாலும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது.

அப்போதும் உடனே திறந்துவிடாது. தனியாக இருக்கும் இன்னொரு சென்சாரும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரு சாட்சி போதாது, இரண்டு சாட்சி வேண்டும் என்று நம்மிடம் சொல்வார்களே, அது மாதிரி. ஒரு சிப் பழுதாகிப் பொய் சொன்னால் ஓடுகிற வண்டியில் டிரைவர் முகத்தில் ஏர்பேக் வெடிக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

இரண்டும் ஒத்துக்கொண்டதும் பெட்டி ஏர்பேக்குக்கு மின்சாரம் அனுப்பும். ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல், இரண்டு மில்லி செகண்ட் மட்டும். அந்த மின்சாரத்தில் ஊசி முனை அளவு கம்பி சூடாகி மருந்து பற்றி, உண்டாகும் வாயு பையை நிரப்புகிறது. நேருக்கு நேர் பலமாக மோதினால், மோதிய கணத்திலிருந்து முடிவெடுக்க 15 முதல் 30 மில்லி செகண்ட், பை நிரம்ப இன்னொரு 30 மில்லி செகண்ட். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்து, பையின் பின்பக்க ஓட்டைகள் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கியிருக்கும். பக்கவாட்டில் மோதினால் இந்த அவகாசமும் இல்லை. நமக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தானே? அங்கே ஐந்து பத்து மில்லி செகண்டில் முடிவெடுத்தாக வேண்டும்.

இடையில் ஒன்று. ஏர்பேக் வெடித்ததும் காருக்குள் புகை மாதிரி வெள்ளையாகப் பரவும், கருகிய வாடை வரும். பை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவிய மாவும், மருந்து எரிந்த வாடையுமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வண்டி தீப்பிடித்துவிட்டது என்று பதறி, அடிபட்டவரை இடுப்பிலும் கழுத்திலும் பிடித்து இழுத்து வெளியே போட்டதை எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். உண்மையாகவே தீ தெரிந்தால் ஒழிய அப்படி இழுக்க வேண்டாம்.

இப்போது எங்கள் கேள்விக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் பெட்டி தன்னையும் தன் ஒயர்களையும் சோதித்துக்கொள்கிறது. ஏர்பேக்குக்குள் இருக்கும் அந்தக் கம்பி வழியாக, வெடிக்கப் போதாத மிகச் சிறிய மின்சாரத்தை ஓட்டி, அதன் ரெசிஸ்டன்ஸ் இரண்டு ஓம் அளவில் இருக்கிறதா என்று பார்க்கும். ஒயர் அறுந்திருந்தால் அளவு மாறும், விளக்கு அணையாமல் எரியும். எங்கள் வண்டியில் செருகியிருந்த ரெசிஸ்டரும் அதே இரண்டு ஓம்! கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். பெட்டி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்ததால் விளக்கை அணைத்துவிட்டது. விபத்து நடந்திருந்தால் அது கணக்குத் தப்பாமல் முடிவெடுத்து, மின்சாரத்தை அந்த ரெசிஸ்டருக்கே அனுப்பியிருக்கும். ஏர்பேக் வெடித்த விபத்தைப் பெட்டி தன் நினைவில் பதிந்து வைத்துக்கொள்ளும், அதை மாற்றியாக வேண்டும் என்பதுதான் முறை. அந்தப் பதிவையும் கம்ப்யூட்டரில் அழித்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே பழைய வண்டி வாங்கும்போது விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். விளக்கு சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் பல்பையோ ஒயரையோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எரிந்து அணையவில்லை என்றால் பழுது. அந்த நிலையில் ஏர்பேக் வேலை செய்யும் என்று நம்பவே கூடாது. எரிந்து அணைந்தாலும் ஸ்டியரிங் மூடியின் நிறம் பக்கத்துப் பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிறதா, டாஷ்போர்டில் ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்து, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு திறந்து பார்த்துவிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். பாட்டரி ஒயரைக் கழற்றிய பிறகும் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் மின்சாரம் சிறிது நேரம் மிச்சமிருக்கும்.

அடுத்து, பெட்டியை நாமே ஏமாற்றுகிற விஷயம். பெல்ட் போடச் சொல்லி அடிக்கும் மணி தொல்லையாக இருக்கிறது என்று, பெல்ட் பூட்டில் ஒரு வெறும் கிளிப்பைச் செருகி வைக்கிறோமே, அதைச் சொல்கிறோம். இந்தக் கூட்டத்துக்கு வந்து வெளியே நிற்கும் வண்டிகளிலேயே நாங்கள் நான்கு பார்த்தோம். யாருடையது என்று சொல்லமாட்டோம். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, இந்தக் கிளிப்புக்கான 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. காரணம் இல்லாமல் இல்லை. பல வண்டிகளில் பெல்ட் போட்டிருக்கிறாரா இல்லையா என்பதையும் பெட்டி கணக்கில் எடுக்கிறது. பெல்ட் போட்டவருக்கு மிதமான மோதலில் பெல்ட்டே போதும் என்று, ஏர்பேக் திறக்கும் கோட்டைச் சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள். பெல்ட் போடாதவருக்குக் கோடு கீழே. கிளிப்பைச் செருகினால் பெட்டி நம்மைப் பெல்ட் போட்டவர் என்று நம்பிவிடும். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் போகலாம்.

திறந்தாலும் ஆபத்துதான். மோதுவதற்கு முன் பிரேக் அடித்திருப்போம். பெல்ட் இல்லாத உடம்பு அதற்குள் ஸ்டியரிங் பக்கம் போயிருக்கும். மணிக்கு 300 கிலோமீட்டர் வரை வேகத்தில் விரிகிற பை, விரிந்து முடிந்த பிறகு முகம் வந்து விழுவதற்காகச் செய்தது. விரியும்போதே முகம் அங்கே இருந்தால் அடி பை கொடுக்கிற அடிதான். எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தில் முதல் எழுத்துக்கே துணை என்றுதான் பொருள். பெல்ட்டுக்குத் துணை.

எங்களிடம் அடிக்கடி வருகிற வழக்கு ஒன்று உண்டு. வண்டி முன்பக்கம் நொறுங்கிவிட்டது, ஏர்பேக் திறக்கவில்லை, கம்பெனி மேல் கேஸ் போடலாமா என்று கேட்டு வருவார்கள். சில நேரம் நியாயமான கேள்வி. ஆனால் பல நேரம் நின்ற லாரிக்குப் பின்னால் போய்ச் சொருகிய வண்டியாக இருக்கும். லாரியின் அடிப்பகுதி உயரம். நம் வண்டியின் பம்பரும் அதற்குப் பின்னால் உள்ள பலமான சட்டமும் அதற்குக் கீழே நுழைந்துவிடும். மெல்லிய பானட்தான் முதலில் மடங்கும். அதனால் வேகக் குறைவு ஆரம்பத்தில் மெதுவாக இருந்து, கண்ணாடி வரை லாரி வந்த பிறகே பலமாகும். பெட்டி கூட்டிக்கொண்டிருந்த கணக்கு கோட்டைத் தாண்டும்போது நேரம் கடந்திருக்கும். நின்றுகொண்டிருக்கும் காரை இடித்தாலும் அப்படித்தான். நாம் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் நம் எடையே உள்ள காரை இடித்தால் அதுவும் முன்னால் நகரும், நம் வேகம் 20 அளவுக்குத்தான் குறையும். பார்க்க நொறுங்கிக் கிடக்கும், ஆனால் பெட்டியின் கணக்கில் சின்ன விபத்து.

முன்னால் கம்பீரமாக இரும்புக் கார்டு போட்டிருக்கிறோமே, அது மோதலின் தன்மையையே மாற்றிவிடும். கம்பெனி எத்தனையோ வண்டிகளை மோதவிட்டுப் பார்த்து அந்தப் பம்பர் மடங்கும் விதத்துக்கேற்பப் பெட்டிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. நாம் போட்ட கார்டு அந்தக் கணக்கில் இல்லை. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால், அந்த வண்டிக்கு இறுக்கமான சாதாரண சீட் கவரும் போடக் கூடாது. பை வெளியே வர வழி வேண்டாமா?

வெளிநாட்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014ஆம் ஆண்டு கோபால்ட் முதலிய சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவி திருப்பும் சுவிட்சில் பிடிமானம் போதவில்லை. கனமான சாவிக் கொத்து தொங்கினாலோ, முழங்கால் பட்டாலோ, ஓடும்போதே சாவி ஒரு படி பின்னால் போய்விடும். இன்ஜின் அணையும். அதோடு ஏர்பேக் பெட்டியும் வண்டியை நிறுத்திவிட்டார்கள் போல என்று எடுத்துக்கொண்டு உறங்கிவிடும். கெப்பாசிட்டரில் இருப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். மோதும்போது பாட்டரி ஒயர் அறுந்தால் தாக்குப்பிடிக்க வைத்த இருப்பு அது. நிமிஷக் கணக்கில் காவல் இருப்பதற்காக வைத்தது அல்ல. இழப்பீடு வழங்க அமைத்த நிதியமே 124 உயிரிழப்புகளை ஏற்றுக்கொண்டது. ஒரு சின்ன ஸ்பிரிங்கின் பலம் போதாததால் வந்த வினை. எங்கள் டிரைவர்கள் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் கோத்து வைத்திருந்ததை அதைப் படித்த அன்றைக்கே கழற்றச் சொன்னோம்.

கடைசியாகக் குழந்தைகள். இதற்காகத்தான் தாய்மார்களை முன் வரிசையில் உட்காரச் சொன்னோம்.

1952ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் காரில் போனார். சாலையில் கிடந்த பாறையைப் பார்த்துச் சட்டென்று ஒடித்து வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார். அந்த நேரத்தில் அவர் கையும் மனைவி கையும் தானாகவே நீண்டு, மகள் டாஷ்போர்டில் இடிக்காமல் தடுத்தன. அந்தக் கைக்குப் பதிலாக ஒரு பை இருந்தால் என்ன என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியதுதான் 1953இல் அவர் வாங்கிய காப்புரிமை. மின்னணுப் பெட்டியோடு கூடிய ஏர்பேக் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வர 1980 கடைசி ஆகிவிட்டது. இப்படிக் குழந்தையைக் காக்கும் நினைப்பில் பிறந்த பொருள்தான், பரவலாக வந்த பிறகு குழந்தைகளையே கொன்றது. 1990 முதல் 2008 வரை அமெரிக்காவில் குறைந்த வேகத்தில் நடந்த மோதல்களில் ஏர்பேக் அடித்ததாலேயே 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது அந்நாட்டு அரசுத் துறையின் கணக்கு. அவர்களில் பயணிகள் பக்கம் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். பெல்ட் இல்லாமல் முன்னால் இருந்தவர்கள், அல்லது பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டில் முன்னால் வைக்கப்பட்டவர்கள். பிறகு பையின் வேகத்தைக் குறைத்தார்கள். சீட்டில் இருப்பவரின் எடையைப் பார்த்து நிறுத்தும் சென்சாரும் அங்கே வந்தது. நம் வண்டிகள் எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நாம் என்ன செய்கிறோம்? துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ வாப்பா வருகிறார் என்றால் திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒரே வண்டியில் எட்டுப் பேர். போகும்போது பின்னால் இருந்த பிள்ளை, வரும்போது வாப்பாவின் மடியில் முன் சீட்டில். இரண்டு வருஷம் காணாத பிள்ளை, எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்கும்போது பத்துக் கிலோ பிள்ளை நம் கையில் சுமார் 140 கிலோ எடையாக இழுக்கும். எந்த வாப்பாவின் கையும் பிடிக்காது. பிடித்தாலும் வெடிக்கிற பைக்கும் நம் நெஞ்சுக்கும் நடுவில் இருப்பது பிள்ளையின் தலை. பெட்டி பார்ப்பது வண்டியின் வேகக் குறைவை. மடியில் யார் இருக்கிறார்கள் என்பது அதன் கணக்கில் வராது. பன்னிரண்டு வயது வரை பின் சீட்டுதான். கொஞ்சுவதை ஏர்போர்ட் வாசலிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

நம் வெள்ளைக் காருக்குப் புது ஏர்பேக்குகளும் புதுப் பெட்டியும் முறையாக வாங்கிப் போட்டாகிவிட்டது. அறக்கட்டளைப் பணத்தைத் தொடாமல் வாகனப் பிரிவில் உள்ளவர்களே பங்கு போட்டுக் கட்டினோம். பில் அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தில் ஸ்கேனர் கருவியோடு ஒரு மெக்கானிக் இருப்பார், இன்ஷா அல்லாஹ். பழைய வண்டி வாங்கியவர்கள் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லை.

துண்டுச் சீட்டில் இரண்டு கேள்வி வந்திருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் பெண் பெல்ட் போடலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கட்டாயம் போட வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும், வயிற்றுக்கு மேலே போகக் கூடாது. மேல் பட்டை நெஞ்சின் நடுவாக வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். ஓட்டுகிறவராக இருந்தால் ஸ்டியரிங்கிலிருந்து நெஞ்சு 25 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கும்படி சீட்டைப் பின்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். புர்கா மேல் பெல்ட் போடும்போது துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பட்டை உடம்போடு ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று ஒரு பெரியவர் கேட்டது. தன் பழைய காரில் ஏர்பேக்கே கிடையாது, விற்றுவிடலாமா என்று. நம் நாட்டில் டிரைவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்துதான் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கு அதற்கும் பிறகுதான். ஆகவே அப்படிப்பட்ட வண்டிகள் நம்மிடம் நிறையவே உண்டு. காக்கா, விற்க வசதி இருந்தால் விற்றுவிடுங்கள். இல்லையென்றால் பின் சீட்டு பெல்ட் மூன்றையும் இன்றைக்கே வெளியே எடுத்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் அவை சீட்டு மெத்தைக்கு அடியில்தான் கிடக்கின்றன, வரும்போது பார்த்தோம்.

வஸ்ஸலாம்.